ரீஃப் டேங்க்ல பாசி தொல்லை: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

மன்னார்குடிலேர்ந்து எழுதுறேன், வீட்ல ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளக்குற கடல் தண்ணி டேங்க் வச்சு 12 வருஷம் ஆகுது. பாசி பத்தி கேளுங்கன்னு சொன்னதும் நெறய கேள்வி வந்துருக்கு, ஒவ்வொண்ணா வர்றேன். கேக்கும்போது என்ன தண்ணி ஊத்துறீங்க, அதோட டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவு) எவ்ளோன்னு சேத்து சொல்லுங்க, அது இல்லாம பாசி பத்தி பேசவே முடியாது.

கும்பகோணத்துலேர்ந்து: அண்ணே, 200 லிட்டர் டேங்க், பாறை பூரா பச்சை முடி மாதிரி பாசி. டெஸ்ட் கிட்ல நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 காட்டுது. அப்பறம் எப்டி வளருது? தண்ணி வீட்டு ஆர்ஓ தண்ணிதான்.

தம்பி, கிட் சொல்றது பொய் இல்ல, ஆனா அது தண்ணில மிச்சம் இருக்கறத மட்டும்தான் சொல்லும். வர்ற பாஸ்பேட்ட எல்லாம் பாசி அன்னைக்கே தின்னுடுது, மிச்சம் எங்க இருக்கும்? அந்த முடிக்குள்ளதான் இருக்கு. அதனால 0ன்னு பாத்து சாப்பாட்ட நிறுத்திடாதீங்க, பவளம்தான் பட்டினி கெடக்கும்.

இப்ப உங்க ஆர்ஓவுக்கு வர்றேன். வீட்டு ஆர்ஓ மெஷின் பலதுல டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒண்ணு இருக்கும், குடிக்க ருசியா இருக்கணும்னு மெம்ப்ரேன் வழியா போகாத தண்ணிய கொஞ்சம் திருப்பி கலந்து விடும், சிலதுல மினரல் கேட்ரிட்ஜ் வேற. மனுஷனுக்கு அது சரி, டேங்க்குக்கு ஆகாது. மீட்டர் வச்சு பாருங்க, 60, 80னு காட்டும். நம்ம பக்கம் ஃபேன் வச்சுதான டேங்க கூல் பண்றோம், மே மாசம் ஒரு நாளைக்கு 3 லிட்டர் ஆவியாகும், மாசத்துக்கு 90 லிட்டர். ஆவியா போறது வெறும் தண்ணி மட்டும்தான், நீங்க ஊத்துற தண்ணில இருந்த நைட்ரேட்டு, பாஸ்பேட்டு, சிலிகேட்டு எல்லாம் உள்ளயே தங்கிடும். வயலுக்கு நடுவுல இருக்கற போர் தண்ணில உரம் எறங்காம இருக்குமா. கன்ட்ரோலர மூடுங்க, மினரல் கேட்ரிட்ஜ கழட்டுங்க, கடைசில மிச்ச உப்பையும் புடிச்சு வைக்கிற டிஐ ரெசின் ஒண்ணு போடுங்க, மீட்டர்ல 0 வரணும்.

அதோட கையால புடுங்கணும், வேற வழி இல்ல. டேங்க் தண்ணி ஊத்துன பக்கெட்ல பாறைய வச்சு டூத் பிரஷ்ஷால தேய்ங்க, டேங்க்குள்ளயே தேச்சா துண்டு துண்டா பறந்து வேற பாறைல ஒட்டிக்கும். வாரம் ஒரு தடவ, ரெண்டு மாசமாவது. நீளத்த குறைச்சதுக்கு அப்பறம் பாசி தின்ற டர்போ நத்தை விடுங்க, நீள முடிய நத்தை சீண்டாது. பழைய பாறை உறிஞ்சி வச்ச பாஸ்பேட்ட மெதுவாதான் கக்கும், அதனால மூணாவது வாரம் பாசி திரும்பி வந்தா பயந்துடாதீங்க.

தஞ்சாவூர்: டேங்க் போட்டு 3 வாரம், மணல் மேல பழுப்பு தூள்.

டயாட்டம்னு ஒரு நுண்பாசி. புது டேங்க்ல வரும், சிலிகேட் தீந்தா தானா போயிடும். ஒண்ணும் பண்ணாதீங்க.

திருத்துறைப்பூண்டி: சார், கடல் தண்ணி கலக்கறதுக்குன்னு விக்கிற சால்ட் மிக்ஸ் பொடி விலை கட்டல. பக்கத்துலயே வேதாரண்யம் உப்பு மூட்டையா கெடைக்குது, அத கரைச்சு ஊத்துனா என்ன?

வேணாங்க. உப்பளத்துல உப்பு விளையும்போது சோடியம் குளோரைடு மட்டும் படியணும்னுதான் பாப்பாங்க, மெக்னீசியம் எல்லாம் அடில நிக்கிற கசப்பு தண்ணியோட போயிடும். பவளத்துக்கு கால்சியம் 420, மெக்னீசியம் 1300 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) கிட்ட வேணும், அந்த உப்புல அது கெடையாது. உப்பு கரிக்கிறதுனால மட்டும் அது கடல் தண்ணி ஆயிடாது.

மயிலாடுதுறை: உப்பே எதுக்குண்ணே வாங்கணும், தரங்கம்பாடி கடல் இருக்கு. 4 வருஷமா கேன்ல புடிச்சு ஊத்துறேன், மீன் நல்லாதான் இருக்கு, பாசி கொஞ்சம் இருக்கு.

மீன் நல்லாருக்கும், பாசியும் நல்லாருக்கும். எந்த மாசம் புடிக்கிறீங்க?

மயிலாடுதுறை: மாசம்லாம் பாக்கறதில்ல. கடல் தண்ணிய விட சுத்தமான கடல் தண்ணி ஏது? கடைக்காரன் பொடிய நம்புவீங்க, கடல நம்ப மாட்டீங்களா?

கடல நம்புறேன், கரைய நம்ப மாட்டேன். ஐப்பசி கார்த்திகைல சம்பாவுக்கு மேலுரம் போட்ட கையோட மழை கொட்டும், வடிகால் எல்லாம் எங்க போகுது? கொள்ளிடம், காவிரி, அரசலாறு எல்லாம் ஒங்க கரைக்கு மேலயும் கீழயும்தான் கலக்குது. அந்த மாசங்கள்ல கரையோர நீரோட்டம் வடக்கேர்ந்து தெக்க ஓடும், வடக்க கலக்குற ஆத்து தண்ணியயும் சேத்து இழுத்துட்டு வரும். கார்த்திகைல நான் தரங்கம்பாடி பக்கம் புடிச்ச தண்ணிய அளந்தப்ப உப்பளவு (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.019தான் இருந்துச்சு, 1.025 இருக்கணும். அதுக்கு மேல இறால் பண்ணை வடிகால் வேற.

நாகப்பட்டினம்: குறுக்க வர்றதுக்கு மன்னிச்சுக்குங்க. எங்க வீட்ல போட் இருக்கு, 10 பாகம் (சுமார் 60 அடி) ஆழத்துக்கு மேல போனா சித்திரை வைகாசில தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். அதுவுமா தப்பு?

தப்பு இல்லைங்க, அது வேற தண்ணி. கரைல நின்னு கேன முக்கறதயும் போட்ல போய் எடுக்கறதயும் ஒண்ணா சேக்காதீங்க. கோடைல ஆழத்துல எடுத்து, நைஸ் ஃபில்டர்ல வடிகட்டி, ரெண்டு மூணு வாரம் இருட்டுல மூடி வச்சு, உப்பளவும் பாஸ்பேட்டும் அளந்துட்டு ஊத்துனா நானே ஒத்துக்குவேன். ஹார்பர் வாய்ல மட்டும் எடுக்காதீங்க, டீசல் மெதக்கும்.

மயிலாடுதுறை: அப்ப கடல் தண்ணி நல்லதுன்னு ஒத்துக்கிட்டீங்கள்ல!

அளந்த கடல் தண்ணி. நீங்க இன்னும் அளக்கல. உப்பளவும் பாஸ்பேட்டும் அளந்துட்டு வாங்க, பேசலாம்.

பட்டுக்கோட்டை: பாசிக்கு என்ன மருந்து போடலாம்?

எந்த பாசி? என்ன தண்ணி? ரெண்டும் சொல்லலியே.

திருவாரூர்: செவப்பா ஊதாவா போர்வை மாதிரி மணல மூடுது, இழுத்தா தோல் மாதிரி வருது.

அது பாசியே இல்ல மேடம், சயனோபாக்டீரியா. டியூப் வச்சு உறிஞ்சி எடுங்க, அந்த மூலைல தண்ணி ஓட்டம் கம்மியா இருக்கும், தண்ணிய ஓட வைக்கிற வேவ்மேக்கர அந்த பக்கம் திருப்பி வைங்க. மெடிக்கல்ல எரித்ரோமைசின் வாங்கி போடுங்கன்னு சொல்வாங்க, கேக்காதீங்க. அது போர்வைய மட்டும் கொல்லும்னு இல்ல, காரணமும் அப்டியே இருக்கும்.

பாபநாசம்: எல்லாத்தையும் 0 ஆக்கிட்டேன் அண்ணே, ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்ட உறிஞ்சுற இரும்பு ஆக்சைடு குருணை) போட்டேன், சாப்பாடு கொறைச்சேன். இப்ப பழுப்பா சளி மாதிரி, நுனில காத்து குமிழியோட தொங்குது. நத்தை எல்லாம் சாவுது.

இதத்தான் பயந்தேன். டைனோவா (டைனோஃப்ளாஜெல்லேட்னு ஒரு நுண்ணுயிர்) இருக்கும். கொஞ்சம் சளிய டேங்க் தண்ணியோட பாட்டில்ல எடுத்து நல்லா குலுக்கி டிஷ்யூ பேப்பர்ல வடிகட்டுங்க, வடிஞ்ச தண்ணிய ஒரு மணி நேரம் வெளிச்சத்துல வைங்க, திரும்ப நூல் நூலா சேந்தா டைனோதான். அதுல சில வகைல விஷம் உண்டு, நத்தை சாகறது அதனாலதான். இது பெரும்பாலும் வர்றதே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒண்ணும் இல்லாம போனாத்தான். ஜிஎஃப்ஓவ இன்னைக்கே எடுங்க, தண்ணி மாத்தறத நிறுத்துங்க, மீனுக்கு சாப்பாடு கூட போடுங்க, நைட்ரேட் 5லேர்ந்து 10, பாஸ்பேட் 0.05 பிபிஎம் கிட்ட நிக்கணும். ராத்திரில சளி காணாம போயி காலைல திரும்பி வந்தா யூவி லைட் (புற ஊதா விளக்கு வழியா தண்ணிய விடறது) வேலை செய்யும், மணல்லயே கெடந்தா செய்யாது.

இத எல்லாரும் படிங்க தயவுசெஞ்சு. பாசிய பட்டினி போடறேன்னு 0க்கு கொண்டு போயி டைனோவ வாங்கிக்கிட்டவங்க எனக்கு தெரிஞ்சே நெறய பேரு.

பேராவூரணி: பாசிக்கு மருந்து இருக்கா அண்ணா?

மேல பட்டுக்கோட்டைக்கு சொன்னதுதான்.

சீர்காழி: முடி பாசி இல்ல, எறகு மாதிரி கிளை கிளையா இருக்கு. அதுக்கு ஃப்ளூகோனசோல்னு பூஞ்சை மாத்திரை போடலாம்னு கேள்விப்பட்டேன்.

எறகு மாதிரின்னா பிரையாப்சிஸ்னு ஒரு பாசி. இதுக்கு மட்டும் அந்த மாத்திரைய ஒத்துக்கிறேன். லிட்டருக்கு 5 மில்லிகிராம், பாறை மணல கழிச்சு நெஜ தண்ணி 200 லிட்டர்னா 150 மில்லிகிராம் மாத்திரை 7. பொடிச்சு கரைச்சு ஊத்துங்க. ஃபில்டர்ல இருக்கற கார்பன எடுத்துடுங்க, ஸ்கிம்மர (நொரையோட அழுக்க வெளிய எடுக்கற மெஷின்) நிறுத்திட்டு ஏர் பம்பு போடுங்க, ரெண்டு வாரம் தண்ணி மாத்தக்கூடாது. செத்த பாசிய அப்பப்ப உறிஞ்சி எடுங்க, இல்லன்னா அதுவே அழுகி அடுத்த பாசிக்கு எருவாயிடும்.

முத்துப்பேட்டை: மண்டபம் பக்கம் தெரிஞ்சவர் இருக்காரு, கடல் பாறையும் பவளமும் எடுத்து தருவாரு. பாசி தின்ற உயிரெல்லாம் அதோடயே வரும்ல?

வேணாம், வேணவே வேணாம். கல் பவளம் எல்லாமே 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணை, புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். மன்னார் வளைகுடா 1986லேர்ந்து தேசிய பூங்கா, 21 தீவு. ஏற்கனவே அங்க சூட்டுல பவளம் வெளுத்து சாவுது, வளக்க கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடை தீவு பவளத்து மேல படர்ந்து மூடுது. நம்ம டேங்க்ல முடி பாசி பவளத்த மூடுறத பாத்து எவ்ளோ துடிக்கிறோம், அங்க நடக்கறதும் அதான். டேங்க்ல வளத்த பவளத்துண்டு நம்மள மாதிரி வளக்கறவங்ககிட்டயே கெடைக்கும், அத வாங்குங்க.

வலங்கைமான்: கரண்ட் போனா பாசி வருமா?

நல்ல கேள்வி. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க தெருவுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல கரண்ட் இல்ல. பேட்டரி ஏர் பம்ப வச்சு மீன காப்பாத்துனேன், பவளம் முக்கால்வாசி போச்சு. செத்தத எடுக்க மனசு வராம உள்ளயே விட்டேன், அதான் நான் பண்ண தப்பு. கரண்ட் வந்து லைட்டு போட்ட பத்தாம் நாள் ஒவ்வொரு எலும்புக்கூடும் பச்சை முடியோட நின்னுச்சு, தேச்சு தேச்சு அது சரி ஆகறதுக்கு 8 மாசம் ஆச்சு. அதனால கரண்ட் போனா வராது, உள்ள செத்தத எடுக்காம விட்டா வரும். இன்வெர்டர்ல வேவ்மேக்கர் ஒண்ண மட்டும் போடுங்க, லைட் வேணாம்.

ஒரத்தநாடு: கோய் குளம் பச்சையா இருக்கு.

நல்ல தண்ணி குளம் எனக்கு பழக்கமில்ல, குளம் வச்சிருக்கறவங்கள கேளுங்க.

மயிலாடுதுறை: அண்ணே, அளந்துட்டேன். கேன்ல இருக்கற தண்ணி உப்பு 1.021, பாஸ்பேட் 0.3.

அளந்ததுக்கு ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த கேன ஊத்தாதீங்க. நாகப்பட்டினம் நண்பர் சித்திரைல போட்ல போவாரு, அவர்கிட்ட பேசி 100 லிட்டர் எடுத்து தரச்சொல்லுங்க, அதுவரைக்கும் சால்ட் மிக்ஸ்ல ஓட்டுங்க. அந்த தண்ணி வந்ததும் இதே மாதிரி அளந்து இங்க போடுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.