தோற்கவிட இருந்தவருக்கு வெற்றியா? 2016 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்: கேள்வி பதில்

2016 நவம்பர் 2, கிளீவ்லாண்டு. அமெரிக்க பேஸ்பால் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் (வேர்ல்ட் சீரிஸ்) மூணுக்கு மூணு. கடைசி ஆட்டத்தில், ஸ்கோர் சமன் ஆனதால் கூடுதலாக ஆடிய பத்தாவது இன்னிங்ஸில், சிகாகோ கப்ஸ் கிளீவ்லாண்டு அணியை 8–7 என்று ஜெயித்தது. 1908க்கு அப்புறம் அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை. அந்த ஸ்கோர்கார்டை வைத்து வந்த கேள்விகள் இவை.

கப்ஸுக்கு நேராக 8, 13, 3 என்று இருக்கிறதே, என்ன கணக்கு?
ரன், ஹிட், எரர். எட்டு ரன், பதிமூன்று ஹிட் (அடித்து பேஸ் ஏறியது), ஃபீல்டிங்கில் மூன்று தவறு. அந்த மூன்றில் இரண்டு ஹாவியர் பாயஸுடையது. அதே மனிதர் ஒரு ஹோம் ரனும் அடித்தார்.

ஐந்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் பிட்சர் (பந்து எறிபவர்) லெஸ்டர் போட்ட ஒரே பந்தில் கிளீவ்லாண்டுக்கு இரண்டு ரன் கிடைத்ததே. அதுவும் அந்த மூன்றில் ஒன்றா?
இல்லை. கேட்சர் பிடிக்க முடியாதபடி பிட்சர் தாறுமாறாக எறிந்தால் 'வைல்ட் பிட்ச்' என்று தனியாக எழுதுவார்கள், எரரில் சேராது. நம்ம ஊர் வைடு மாதிரி என்று நினைக்காதீர்கள். இதில் பந்து உருண்டு ஓடுகிற நேரத்தில் பேஸில் நிற்பவர்கள் ஓடிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

கப்ஸின் இன்னொரு பிட்சர் சாப்மேன்தான் எட்டாவதில் முன்னிலையைக் கோட்டை விட்டார். ஜெயித்த அணியில் ஒரு பிட்சர் பேரில் எழுதும் வெற்றியும் அவர் பேரில் இருக்கிறது. அநியாயம் இல்லையா சார்?
அநியாயம்தான், ஆனால் விதிப்படி சரி. 6–3 என்ற நிலையில், இரண்டு பேர் அவுட், முதல் பேஸில் ஒருவர் நிற்கும்போது வந்தார். கிளீவ்லாண்டின் கையர் டபுள் (இரண்டு பேஸ் ஓடும் அடி) அடித்தார், 6–4. அடுத்து ராஜாய் டேவிஸ் ஹோம் ரன், பேஸில் நின்ற கையருக்கும் சேர்த்து இரண்டு ரன், 6–6. முன்னிலையைக் காத்து முடிப்பவருக்கு 'சேவ்' எழுதுவார்கள்; இவர் கெடுத்தார் என்று அப்போதே 'ப்ளோன் சேவ்' விழுந்துவிட்டது. ஆனால் ஒன்பதாவதையும் அவரே போட்டு ரன் விடாமல் முடித்தார். பத்தாவதில் கப்ஸ் மறுபடி முந்தியபோது கணக்கில் நின்ற பிட்சர் அவர்தான். அதனால் வெற்றி அவருக்கு.

கொஞ்ச நேரமே போட்டு, அதையும் மோசமாகப் போட்டவருக்கு வெற்றியைக் கொடுக்காமல் வேறொருவருக்கு மாற்ற ஸ்கோரருக்கு அதிகாரம் உண்டு. 'கொஞ்ச நேரம்' என்பது பொதுவாக ஒரு இன்னிங்ஸுக்கும் குறைவு. மூன்று அவுட் ஒரு இன்னிங்ஸ்; சாப்மேன் எடுத்தது நாலு அவுட், அதாவது ஒன்றே மூன்றில் ஒரு இன்னிங்ஸ். தப்பித்தார்! அவர் மேல் மட்டும் பழி போடவும் எனக்கு மனசு வரவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் எட்டு அவுட் எடுத்தவரை, ஆறாவதில் 7–2 என்று முன்னால் இருக்கும்போதும் இறக்கினார்கள். கை என்ன இரும்பா?

அந்த எட்டாவது இன்னிங்ஸின் மூன்று ரன்னும் சாப்மேன் கணக்கா?
இரண்டுதான். அவர் வருவதற்கு முன்பே பேஸில் நின்ற ரமிரெஸின் ரன், அவரை ஏற விட்ட லெஸ்டர் கணக்கு.

பத்தாவதில் கடைசியாக வந்த கப்ஸ் பிட்சர் மாண்ட்கமரி ஒரே ஒருவரைத்தான் அவுட் ஆக்கினார். அதற்கு சேவ் கிடைக்குமா?
கிடைக்கும். 8–7, சமன் ஆக்கக்கூடிய ஆள் பேஸிலேயே நிற்கிறார். ஒரு அவுட்டே போதும். மேஜர் லீக்கில் அவருக்கு அதுதான் முதல் சேவ்.

மழைதான் கப்ஸைக் காப்பாற்றியதா?
ஆட்டம் நின்றது 17 நிமிஷம், அதனால் ஸ்கோர் மாறவில்லை. டக்வர்த் லூயிஸ் எல்லாம் இங்கே கிடையாது.

பத்தாவதில் கப்ஸ் வீரர் ஜோப்ரிஸ்ட் அடித்த டபுள்தான் திருப்புமுனை என்கிறார்களே?
ஆமாம், தொடர் நாயகன் விருதும் அவருக்குத்தான். ஆனால் அதற்கு முன்னால் பிரையண்ட் ஆழமாகத் தூக்கி அடித்து கேட்ச் ஆனதைப் பாருங்கள். முதல் பேஸில் இருந்த அல்மோரா, பந்து கைக்குப் போனதும் இரண்டாவதுக்கு ஓடினார். அந்த ஓட்டம் இருந்ததால்தான் டபுளில் ரன் வந்தது. கேட்ச் ஆனாலும் அதில் ரன் வந்தால் 'சாக்ரிஃபைஸ் ஃப்ளை' என்று எழுதுவார்கள்; ரன் விழாததால் பிரையண்டுக்கு அது கூடக் கிடையாது. கார்டில் அது வெறும் அவுட்.