1968 ஃபில்மோர் போஸ்டர் அசலா, மறுபதிப்பா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவருக்கு ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 1968 கச்சேரி போஸ்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ ஃபில்மோர் அரங்கத்துக்காக அடித்தது, தாள் நன்றாகப் பழுப்பேறியிருக்கிறது, விற்பவர் அசல் என்று சத்தியம் செய்கிறார், நம்பலாமா என்கிறார்.

பழுப்பை வைத்து மட்டும் நம்பாதீர்கள். டீ டிகாஷனில் முக்கிக் காயவைத்தால் நேற்று அடித்த தாள்கூடத் தாத்தா காலத்துத் தாள் ஆகிவிடும்.

நீங்கள் சொல்வது சிறகு முளைத்த கண் பறந்து வருகிற போஸ்டர் என்று நினைக்கிறேன். ரிக் கிரிஃபின் வரைந்தது, பிப்ரவரி 1 முதல் 4 வரை நடந்த கச்சேரிகளுக்கு. சேகரிப்பவர்கள் பிஜி-105 என்பார்கள். பிஜி என்பது கச்சேரிகளை நடத்திய பில் கிரஹாமின் முதலெழுத்துகள், அவர் போஸ்டர்களுக்கு வரிசை எண் உண்டு. ஏகப்பட்ட காப்பி அடிக்கப்பட்ட போஸ்டர் இது, அதனால் சந்தேகத்தோடுதான் ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் டேப்பை எடுத்து அளங்கள். அந்த வரிசையில் பெரும்பாலானவை சுமார் 14 அங்குல அகலம், 20, 21 அங்குல உயரம். கையில் இருப்பது 24க்கு 36 என்றால் அது கடையில் ரூமுக்கு மாட்ட விற்கிற போஸ்டர், மேலே படிக்கவே வேண்டாம்.

அளவு சரியாக இருந்தால் ஒரு லென்ஸ் வாங்குங்கள், பத்து மடங்கு பெரிதாக்குவது போதும். எனக்குச் சிவகாசி, ஆஃப்செட் மிஷின் சத்தத்தில் வளர்ந்தவன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன். இந்த போஸ்டர்களில் ஒவ்வொரு கலருக்கும் தனி பிளேட் போட்டு, அந்த மையையே நேரடியாக அடித்தார்கள். சிவப்பு என்றால் சிவப்பு மை. லென்ஸில் பார்த்தால் அந்த இடம் வழவழவென்று ஒரே பரப்பாகத் தெரியும், எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். அச்சான போஸ்டரையே படம் பிடித்து நாலு கலரில் திரும்ப அடித்திருந்தால் அதே சிவப்பு, மஞ்சளும் மெஜந்தாவுமாகப் புள்ளி புள்ளியாகப் பிரிந்துவிடும், எழுத்தோரமும் பிசிறடிக்கும். ஆனால் ஒன்று, போஸ்டரில் புகைப்படம் இருந்தால் அங்கே அசலிலும் புள்ளி இருக்கும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். பார்க்க வேண்டியது எழுத்தையும் தட்டையான கலரையும்தான்.

பிளாக்லைட் டார்ச் (புற ஊதா விளக்கு) அடித்துப் பார் என்று எல்லோரும் சொல்வார்கள். தாளை வெள்ளையாக்கச் சேர்க்கிற ரசாயனம் அதில் நீலமாக ஒளிரும். ஆனால் அது 1950களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது, ஆகவே ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

அச்சிட்டிருக்கிற வாசகத்தையும் படியுங்கள். கிரஹாம் ஃபில்மோர் வெஸ்ட் என்ற வேறு அரங்கத்துக்கு மாறியது 1968 ஜூலையில்தான். 1967 தேதி போட்ட போஸ்டரில் அந்தப் பெயர் இருந்தால் யாரோ கற்பனையாக அடித்தது. அதேபோல அமெரிக்காவில் ஜிப் கோடு, அதாவது நம்ம ஊர் பின்கோடு மாதிரி, வந்தது 1963 ஜூலை. ஐம்பதுகளின் போஸ்டரில் அச்சகத்து முகவரியோடு ஜிப் கோடு இருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

சரி, எல்லாம் தேறிவிட்டது என்றால் அப்போதுதான் உண்மையான தலைவலி. நன்றாகப் போன போஸ்டர்களை கிரஹாம் தரப்பே கச்சேரி முடிந்த பிறகும் மறுபடி அடித்து விற்றது. அதைப் போலி என்று சொல்ல முடியாது, லென்ஸிலும் அழகாகவே தெரியும், ஆனால் கச்சேரிக்கு முன்னால் அடித்த முதல் பதிப்போடு ஒப்பிட்டால் விலை பாதாளத்தில். இவற்றைப் பிரிப்பது தாளின் தடிமன், ஓரத்து வாசகம், அளவில் ஒரு நூல் வித்தியாசம் மாதிரி விஷயங்கள். எண்வாரியாக இதையெல்லாம் பட்டியலிட்ட சேகரிப்பாளர் கையேடுகள் உண்டு. அதனால் விற்பவரிடம் அசலா என்று கேட்காமல் எத்தனையாவது பதிப்பு என்று கேளுங்கள்.

நான் ஏமாந்த கதையும் உண்டு. சான் ஹோசேயில் ஒரு பழைய பொருள் சந்தையில் எலும்புக்கூடும் ரோஜாவும் போட்ட, கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் போஸ்டர் கிடைத்தது, 1966இல் அவலான் பால்ரூம் கச்சேரிக்கு மௌஸ், கெல்லி என்ற இரண்டு ஓவியர்கள் செய்தது. நாலு மூலையிலும் குண்டூசி ஓட்டை, ஒரு பக்கம் டேப் ஒட்டிய கறை, எவனோ அந்தக் காலத்தில் ரூமில் மாட்டியிருந்தான் என்று மயங்கி நாற்பது டாலரை எடுத்து நீட்டினேன். வீட்டுக்கு வந்து மூலையை விரலால் தடவினால் ஓட்டையே இல்லை! ஓட்டையும் கறையும்கூட அச்சு. மாட்டியிருந்த அசலைப் படம் பிடித்தவன் அதையெல்லாம் துடைக்கக்கூட மெனக்கெடவில்லை.

உங்கள் ஆளிடம் மூன்று படம் கேளுங்கள்: டேப் வைத்து அளந்தது, எழுத்தோரம் கிட்டத்தில் எடுத்தது, பின்பக்கம். பின்பக்கத்தை அனுப்ப இழுத்தடித்தால் காசை எடுக்காதீர்கள்.