தாழ்மையாக இருக்கச் சொல்லும் கிறிஸ்தவம் நம்மைப் பலவீனர் ஆக்குகிறதா?

"அதிகாரம் கையில் இருந்தால்தானே நாலு பேருக்கு நல்லது செய்ய முடியும்? பைபிள் ஏன் தாழ்மை, பலவீனம் என்றே பேசுகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் பல வருடம் இப்படித்தான் நினைத்தேன். தாழ்மை என்றால் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டு போவது என்று. பைபிளில் யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்த பிறகுதான் அது தப்பு என்று புரிந்தது.

இயேசு சிலுவையில் மரித்ததை நினைக்கும் புனித வெள்ளிக்கு முந்தைய நாளான பெரிய வியாழன் அன்று நாம் கேட்கும் பகுதிதான். இயேசு பந்தியை விட்டு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். அதற்கு முந்தைய வசனத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்துதான் அவர் எழுந்திருக்கிறார். அவ்வளவு அதிகாரத்தையும் வைத்துக்கொண்டு அந்த ராத்திரி அவர் செய்தது இந்த வேலை. அவரைக் காட்டிக்கொடுக்கப்போகிற சீஷன் யூதாஸ் அப்போது இன்னும் வெளியே போகவில்லை. அவன் காலையும் அவர் கழுவியிருக்கிறார். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதனால் தாழ்மையைப் பற்றிய பிரசங்கத்தை முதலில் கேட்க வேண்டியவர்கள் மேலே உட்கார்ந்திருப்பவர்கள். மிதிபட்டுக் கிடப்பவனிடம் போய் "தாழ்மையாய் இரு" என்பது அநியாயம். இயேசுவின் தாய் மரியாள் கடவுளைப் புகழ்ந்து பாடிய பாட்டிலேயே "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி" என்றுதானே வருகிறது?

எங்கள் சபையில் ஒரு கமிட்டித் தேர்தல். இரண்டு அணி. ஒரு அணிக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவர்களில் நானும் ஒருவன். நாங்கள் ஜெயித்தோம், ஆலய வாசலில் வெடி போட்டோம். அப்புறம் செருப்பை எடுக்க உள்பக்கம் போனால், மணி அடிக்கும் பெரியவர் குனிந்து, மிதிபட்ட நோட்டீஸ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் ஞாயிறு, பாய் விரிக்க வேண்டுமே. உலகத்தில் பெரியவர்கள் மற்றவர்கள்மேல் அதிகாரம் செலுத்துகிறார்கள், "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது" என்று சீஷர்களான யாக்கோபும் யோவானும் பதவி கேட்டபோது இயேசு சொன்னது எனக்கே சொன்னது போல இருந்தது. அதற்குப் பிறகு நான் எந்த அணிக்கும் போகவில்லை.

சரி, நாமாகத் தேர்ந்தெடுக்காத பலவீனம்? அப்போஸ்தலன் பவுல் தன்னை வாட்டிய ஒரு வேதனையை "மாம்சத்தில் முள்" என்கிறார்; அதை எடுத்துவிடச் சொல்லி மூன்று தரம் ஜெபித்தார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது.

அதிகாரம் இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று கேட்டால் எனக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் டோனாவூர் ஞாபகம் வரும். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. ஆனால் படுத்த படுக்கையாக இருந்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளுக்கும் தாயாகவே இருந்தார். தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள்.