நன்றாக ஓடுகிற காரை, ஓட்டக்கூடாத கார் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கட்டாயப் பரிசோதனைக்குக் கொண்டுபோன உங்கள் காரில் முன்பக்க இடது சக்கரத்தின் கீழ் பால் ஜாயிண்ட் என்ற மூட்டு ஆடுகிறது, பின் டயர்கள் இரண்டிலும் பட்டன், அதாவது மேற்பரப்பின் பள்ளவரி, எல்லைக்குக் கீழே தேய்ந்திருக்கிறது, இவற்றைச் சரிசெய்யும்வரை சாலையில் எடுக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது, நேற்றுவரை குடும்பத்தோடு அதில்தான் போய்வந்தேன், பிறகு எப்படி அது ஆபத்தான வண்டியாகும் என்று கேட்கிறீர்கள். பரிசோதகர் சொன்னது சரி என்பதே என் பதில். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் போலவே நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

வண்டியை ஓட வைப்பவை எஞ்சினும் கியரும். அவற்றில் கோளாறு வந்தால் உடனே தெரிந்துவிடும். நம்மைக் காப்பாற்றுபவை பிரேக், டயர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் போன்றவை. அன்றாட ஓட்டத்தில் இவற்றின் திறனில் ஒரு சிறு பங்குதான் நமக்குத் தேவைப்படுகிறது. முழுத் திறனும் வேண்டியிருப்பது, குழந்தை ஒன்று சாலையில் ஓடிவருகிற அந்த ஓரிரு நொடிகளில்தான். மேலும் இவை ஒரே நாளில் கெடுவதில்லை. மெல்ல மெல்லத் தேய்வதால், ஓட்டுகிறவரின் காலும் கையும் அந்தக் குறைக்குப் பழகிவிடுகின்றன. ஆகவே தினமும் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த விஷயத்தில் சான்றே ஆகாது.

இதை நான் ஒரு மலைப்பாதை இறக்கத்தில் கற்றுக்கொண்டேன். வண்டி நிறைய ஆட்கள், பின்னால் சாமான்கள், இறக்கம் முழுவதும் என் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. ஒரு வளைவுக்கு முன்னால் மிதித்தபோது, வழக்கமாகப் பாதியில் கெட்டியாக நிற்கும் பெடல் பஞ்சுபோல் அடிவரை இறங்கியது. வண்டியின் வேகம் குறையவில்லை. கியரைக் குறைத்து, பெடலை விட்டுவிட்டுப் பலமுறை மிதித்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, மலைச்சுவரை ஒட்டிய ஓரத்தில் எப்படியோ நிறுத்தினேன். அரைமணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது. அன்று என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான். அந்த நிலையில் யார் ஓட்டிப் பார்த்திருந்தாலும் பிரேக் நன்றாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பார்கள்.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேடுகளில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது, எங்கும் கசிவு இல்லை. குற்றவாளி, வாங்கிய நாளிலிருந்து மாற்றப்படாத பிரேக் ஆயில். பெரும்பாலான கார்களில் இருக்கும் இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 என்ற தரவகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி, ஏறக்குறைய 3.7 சதவீத நீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் டிஸ்க்கின் சூடு ஆயிலுக்கு ஏறி, அதிலுள்ள நீர் ஆவியாகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். எனவே நாம் மிதிக்கிற விசை பேடுகளுக்குப் போய்ச் சேராமல் அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை.

இனி உங்கள் டயர்கள். பல நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். காய்ந்த சாலையில் இந்தத் தேய்மானம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மழையில்தான் அது வெளிப்படும். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். அந்த இடத்திலிருந்து நீரை விலக்குவது பள்ளங்களின் வேலை. பள்ளம் இல்லாவிட்டால் டயர் நீரின் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும், அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாத கதைதான். அதிலும் பின் டயர்கள் பிடிப்பை இழந்தால் வண்டியின் பின்பகுதி சுழன்று வெளியே வரும்; பழக்கப்பட்ட ஓட்டுநர்களுக்கே அதை மீட்பது கடினம். முன் டயர்தானே முக்கியம், பின்னால் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று பலர் சொல்வதை நம்பிவிடாதீர்கள்.

புதிய டயர் போடும்போது முன் டயர்களின் உள்விளிம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, உள்பக்கத்தில் விரலால் தடவினால்தான் அது தெரியும். வெளியே நல்ல பட்டன் இருந்தும், உள்ளே கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்த டயர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கச்சுவரில் புடைப்பு இருந்தால் உள்ளிருக்கும் இழைகள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். அந்த டயரில் ஒரு கிலோமீட்டர்கூடப் போகக் கூடாது.

பால் ஜாயிண்ட் இதைவிடத் தீவிரமானது. சக்கரத்தைத் தாங்கும் பகுதியைச் சஸ்பென்ஷன் கையோடு இணைத்து, மேலும் கீழும் அசையவும் திரும்பவும் விடுகிற மூட்டு அது. உள்ளே தேய்ந்து தேய்ந்து ஒருநாள் அந்த மூட்டின் உருண்டை, அது பொருந்தியிருக்கும் கிண்ணத்திலிருந்து கழன்றுவிட்டால், சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்து, வண்டியின் அந்த மூலை தரையில் விழும். ஸ்டியரிங் கையில் இருந்தாலும் திசை உங்கள் கையில் இருக்காது. சில வண்டிகளில் பள்ளத்தில் இறங்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்கும், சிலவற்றில் கேட்காமலே போகலாம். பரிசோதகர் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்திருப்பார். இருக்கையில் அமர்ந்திருக்கும் உங்களால் அதை உணர முடியாது. அந்தச் சோதனையை நேரில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். எரியாத பிரேக் விளக்கு, எதிரில் வருபவரின் கண்ணைக் கூசவைக்கும்படி உயர்ந்துவிட்ட ஹெட்லைட், ஓட்டுபவரின் பார்வைக்கு நேரே விரிசல் விட்ட கண்ணாடி, நைந்த சீட் பெல்ட், இருக்கையும் பெல்ட்டும் பொருத்தப்பட்ட இடத்திலோ சேசிஸிலோ அரித்துப்போன துரு, பெட்ரோல் கசிவு ஆகியவை எல்லாமே வண்டியை நிறுத்திவைக்கப் போதுமான காரணங்கள். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வரக்கூடும். ஏர்பேக் விளக்கு, சாவியைத் திருப்பியதும் எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் நிம்மதி அடையாதீர்கள், பழைய வண்டிகளை விற்பவர்களில் சிலர் அந்த விளக்கையே செயலிழக்கச் செய்துவிடுவதுண்டு. ஏசி வேலை செய்யாததும், கதவில் ஒடுக்கு விழுந்ததும், பெயின்ட் உரிந்ததும் இந்தக் கணக்கில் சேரா.

உங்கள் காரை ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டிப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். டயர் மட்டும் என்றால் சட்டம் அனுமதிக்கும் இடத்தில், காய்ந்த சாலையில், அருகிலுள்ள கடை வரை போகலாம் என்று சொல்லியிருப்பேன். பால் ஜாயிண்ட்டுக்கு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கே வரவழையுங்கள், அல்லது மீட்பு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். இடதுபக்கம் மாற்றும்போது வலதுபக்கத்தையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே தூரம் ஓடியவை. பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்றும் சர்வீஸ் புத்தகத்தில் தேடிப் பாருங்கள்.