ஒரு கைபேசி, நாற்பத்திரண்டு பிள்ளைகள்

வணக்கம் ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்பில் 42 பேர். இணையம் என்றால் என் கைபேசிதான். வாரம் ஒரு பாடவேளை கணினி ஆய்வகத்தில் புரொஜெக்டர் கிடைக்கும். போன மாதம் ஒரு பயிற்சியில் முப்பதுக்கும் மேற்பட்ட இலவச இணையக் கருவிகளின் பட்டியலைக் கொடுத்தார்கள். இரண்டு மூன்றை முயன்றுபார்த்தேன். பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் இல்லை. கணக்குத் தொடங்குவதிலேயே மணி அடித்துவிடுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? பிள்ளைகள் பேசுவதைப் பதிவு செய்து மதிப்பெண் போடலாமா?

ஓர் ஆங்கில ஆசிரியை


அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பட்டியலை ஒரே கேள்வியில் சலித்துவிடலாம்: கருவி யார் கையில் இருக்க வேண்டும்? ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் என்றால் அடித்துவிடுங்கள். கஹூட், குவிஸ்லெட், பேட்லெட் எல்லாம் நல்லவைதான், ஆனால் தலைக்கு ஒரு திரை இருக்கும் வகுப்புக்காகச் செய்யப்பட்டவை. உங்களுக்கு மிஞ்சுவது நாலைந்து. அது போதும்.

முதல் இடம் ஒலிக்கு. உங்கள் பிள்ளைகள் கேட்கும் ஆங்கிலம் பெரும்பாலும் உங்கள் குரலில் வருவதாகத்தான் இருக்கும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சியின் ஒலிக்கோப்பையும் எழுத்து வடிவத்தையும் தரவிறக்கிக்கொள்ளலாம், கணக்கு வேண்டாம். ஆறு நிமிடத்தையும் ஓடவிட்டால் ஒன்பதாம் வகுப்பு இரண்டாவது நிமிடத்திலேயே கைவிட்டுவிடும். 45 வினாடி போதும். ஆடசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்தத் துண்டை வெட்டி, 'சேஞ்ச் டெம்போ'வில் 10 முதல் 15 விழுக்காடு குறையுங்கள். பக்கத்திலேயே 'சேஞ்ச் ஸ்பீட்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் குரலின் சுருதியும் இறங்கிப் பேசுபவர் குகைக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும். 20 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தாலும் சொற்கள் இழுபடும். துண்டின் தொடக்கத்தில் இரண்டு வினாடி மௌனம் சேர்த்து எம்.பி.3 கோப்பாகச் சேமியுங்கள். புளூடூத் ஒலிபெருக்கிகள் பல விழித்துக்கொள்ளும் நேரத்தில் முதல் சொல்லை விழுங்கிவிடும். அந்த மௌனம் அதற்குத்தான்.

இந்த ஒலித்துண்டுக்கான கோடிட்ட இடம் நிரப்பும் தாளில் பெரும்பாலோர் கடினமான சொற்களை எடுத்துவிட்டுக் கோடு போடுகிறார்கள். அதில் சோதிக்கப்படுவது எழுத்துக்கூட்டல்தான். சிறு சொற்களை எடுங்கள்: ஆஃப், டு, வாஸ், ஹேவ், தெம். ஆங்கிலப் பேச்சில் இவை அழுத்தமிழந்து, உயிரெழுத்து தேய்ந்து, பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. தமிழில் நாம் சொற்களை அந்த அளவுக்குத் தேய்ப்பதில்லை. ஏறக்குறைய எல்லா அசையையும் நிறுத்திச் சொல்கிறோம். அதனால் தாளில் தெரிந்த சொல்கூட காதில் விழுவதில்லை. ஒரு தாளுக்கு எட்டுக் கோடுகளுக்கு மேல் வேண்டாம். முதல் வாக்கியத்தில் கோடு கூடாது, குரலுக்குப் பழகும் இடம் அது. இரண்டு கோடுகளுக்கு நடுவே ஏழெட்டுச் சொற்களாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒன்றை எழுதுவதற்குள் அடுத்தது போய்விடும். முதல் முறை தாளே இல்லாமல், 'எதைப் பற்றிப் பேசுகிறார்கள்' என்ற ஒரே கேள்வியோடு கேட்கட்டும். இரண்டாம் முறை கோடிட்ட தாள். மூன்றாம் முறை முழு எழுத்து வடிவத்தைப் பார்த்தபடி கேட்க வேண்டும். நேரமில்லை என்று பலரும் விட்டுவிடுவது இதைத்தான். காது திருந்துவதோ இதில்தான்.

அடுத்தது பிளிக்கர்ஸ், பிள்ளைகள் தூக்கிப் பிடிக்கும் அட்டைகளைக் கைபேசிக் கேமராவால் படித்து விடைகளைப் பதிவுசெய்யும் செயலி. பிள்ளைகளுக்கு அட்டை, உங்களுக்குக் கைபேசி, அவ்வளவே. ஒவ்வோர் அட்டையிலும் கட்டம்கட்டமாக ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுவே விடை. ஏ, பி, சி, டி எழுத்துகள் பொடியாக இருப்பதால் அடுத்த பெஞ்சிலிருந்து பார்த்து எழுத முடியாது. வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகள்தான் உண்டு. உங்களுக்கு 63 அட்டைத் தொகுப்பு வேண்டும். பதிவெண்ணையே அட்டை எண்ணாக்குங்கள். பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. தடித்த தாள் போதும். விரல் குறியீட்டின் ஓரத்தை மறைத்தாலும் பதிவாகாது, அட்டையின் வெள்ளை விளிம்பைப் பிடிக்கப் பழக்குங்கள். இலவசக் கணக்கில் ஒரு வினாத்தொகுப்பில் இத்தனை கேள்விதான் என்ற வரம்பு உண்டு. ஒரு பாடவேளைக்கு நாலைந்து கேள்விக்கு மேல் தேவைப்படாது என்பதால் அது பெரிய இடைஞ்சல் அல்ல. கேள்வியைக் கரும்பலகையிலேயே எழுதலாம்.

வகுப்பு பாதிக்குப் பாதி பி என்றும் சி என்றும் பிரிந்தால் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்திலிருப்பவரிடம் இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லி மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் இயற்பியல் வகுப்பில் 1990களில் பரப்பிய முறை இது. ஆங்கில இலக்கணத்துக்கும் பொருந்தும். வாதம் தமிழில் நடந்தால் நடக்கட்டும்.

வாசிப்புக்கு, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற கதைத்தளம். கதைகள் நான்கு நிலைகளில், பெரும்பாலும் யாரும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன, தரவிறக்கி அச்சிடலாம். ஒன்பதாம் வகுப்பு என்றதும் நான்காம் நிலைக்குத் தாவ வேண்டாம், இரண்டிலிருந்து தொடங்குங்கள். பாடநூலுக்கு வெளியே நீங்களே ஒரு பத்தியைத் தேர்ந்தால், லெக்ஸ்டியூட்டர் தளத்தின் வொகாப்புரொஃபைலில் ஒட்டிப்பாருங்கள். சொற்களை அவற்றின் புழக்கத்தின்படி நிறம் பிரித்துக் காட்டும் கருவி அது. மாண்ட்ரியல் பேராசிரியர் டாம் காப் உருவாக்கியது. அதன் பழைய வடிவத்தில் அதிகம் புழங்கும் முதல் ஆயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் பிற வடிவங்களும்) நீலம், அடுத்த ஆயிரம் பச்சை, கல்வித்துறைச் சொற்கள் மஞ்சள், மற்றவை சிவப்பு. அகராதியில்லாமல் வாசிக்க ஒரு பத்தியில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது வாசிப்பு ஆய்வாளர்கள் வைக்கும் அளவு, அதாவது ஐம்பதுக்கு ஒன்றுதான் புதிது. ஊர்ப்பெயர், ஆள்பெயர், பஞ்சாயத்து, இட்லி எல்லாம் சிவப்பாகத்தான் வரும். அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சாட்ஜிபிடியிடம் 'ஒன்பதாம் வகுப்புக்கு எளிமையாக' என்று பத்தி கேட்டால் எளிமையாகத்தான் தொடங்கும், மூன்றாவது பத்தியில் நடை ஏறிவிடும். அதையும் வொகாப்புரொஃபைலில் போட்டுப் பாருங்கள். அது எழுதித்தரும் கொள்குறி வினாக்களில் சரியான விடை அடிக்கடி மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எதைப் பிடித்தாலும் கேள்விகளை உங்கள் சொந்த விரிதாளில் வையுங்கள்: கேள்விக்கு ஒரு நெடுவரிசை, விடைகளுக்கு நான்கு, சரியான விடைக்கு ஒன்று. வகுப்புகளுக்கான தளமான எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. இணைய வெண்பலகையான ஜாம்போர்டை கூகுள் 2024 இறுதியில் நிறுத்தியது. மாணவர் காணொளிப் பதிவுத் தளமான ஃபிளிப்கிரிட்டை மைக்ரோசாஃப்ட் 2018இல் வாங்கி இலவசமாக்கியது, 2024இல் அந்தத் தனித்தளத்தையே எடுத்துவிட்டது. அவற்றையே நம்பிப் பாடங்களைச் சேர்த்தவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து வேலை.

பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கைபேசியின் சொந்த ஒலிப்பதிவுச் செயலியே போதும், எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 18 வயது நிறையாதவர் குழந்தை. பெற்றோர் ஒப்புதல் பற்றிய பிரிவுகள் அதில் உண்டு. பள்ளிகளுக்கு விலக்கு இருக்கிறதா என்று ஆராய்வதைவிட, தலைமையாசிரியரிடம் சொல்லிப் பெற்றோரிடம் ஒரு கையெழுத்து வாங்குவது சுலபம். கோப்புக்குப் பதிவெண்ணை மட்டும் பெயராக இடுங்கள், மதிப்பெண் போட்டதும் அழித்துவிடுங்கள். ஆளுக்கு 30 வினாடி என்றாலே 42 பேருக்கு 21 நிமிடம், இடம் மாறும் நேரம் தனி. அதனால் ஒரு நாளைக்கு எட்டுப் பேர். மின்விசிறியை அணைத்து, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். ஒரு சுற்றில் ஒன்றை மட்டும் கேளுங்கள், இறந்தகால வினையின் ஈற்றொலி என்றால் அது மட்டும்.

கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சை வைத்து உச்சரிப்புக்கு மதிப்பெண் போடலாம் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். வேண்டாம். அது காதில் விழுந்ததை அப்படியே எழுதுவதில்லை, முன்பின் சொற்களை வைத்து ஊகிக்கிறது. பிள்ளை தவறாகச் சொன்னதைச் சரியாக எழுதிவிடும்; மெல்லிய குரலில் சரியாகச் சொன்னதைத் தவறாக எழுதிவிடும். புரொஜெக்டர் கிடைக்கும் பாடவேளையில் பிள்ளைகள் விளையாட்டாகப் பேசிப் பார்க்க அது நல்லது.