நாயின் சிறுநீரகம் திடீரெனப் பழுதானால் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

வெள்ளவத்தையில் வெள்ளம் வடிந்த பிறகு நாய்க்கு வாந்தி, சிறுநீர் குறைவு, இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) 5 mg/dL என்று ஏறியிருக்கிறது என்கிறீர்கள். கொழும்பில் இந்த நிலையில் முதல் சந்தேகம் எலிக்காய்ச்சல்தான். வலிக்கு டைக்ளோபெனாக், ஐபுப்ரோபன் ஏதும் கொடுத்திருந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், அவையும் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

சேலைன் ஏற்றும் முன்பே சிறுநீர் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். சிறுநீரின் அடர்த்தி (தண்ணீர் 1.000) 1.030க்கு மேல் என்றால் பெரும்பாலும் நீரிழப்பு, 1.010 அளவில் நின்றால் சிறுநீரகமே பாதிப்பு. ஏற்றிய பின் எடுத்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

பிறகு சிறுநீரை அளக்க வேண்டும். 10 கிலோ நாய் மணிக்கு 10 மில்லியாவது கழிக்க வேண்டும். நீரிழப்பு சரியான பிறகும் குறைந்தால், சேலைனைக் கூட்டுவதுதான் பலர் செய்யும் தவறு: வெளியேறாத நீர் நுரையீரலில் சேரும். எடை ஏறுவதும் மூச்சு வேகமாவதும் அதன் அறிகுறி. பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு மந்தமாகும், அது உடனடி ஆபத்து.

எலிக்காய்ச்சல் சந்தேகத்திலேயே மருந்தைத் தொடங்குவார்கள், பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பதில்லை: வாந்தி இருக்கும்வரை ஊசியில் அம்பிசிலின், பிறகு டொக்சிசைக்கிளின் 2 வாரம். சிறுநீரைக் கையுறையோடு துடையுங்கள், உங்களுக்கும் தொற்றும்.