விலங்குகளைப் பத்தி உங்க ஊர்ல சொல்ற நம்பிக்கைகள்ல எது நிஜம், எது வெறும் கதை?

எனக்கு ஊர் திருத்துறைப்பூண்டிக்கு தெக்கால ஒரு கடைமடை கிராமம், ஜூன் 12 மேட்டூர் தொறந்தா எங்க வாய்க்காலுக்கு தண்ணி எட்டிப் பாக்க எவ்வளவு நாளாகும்னு விரல் விட்டு எண்ணிகிட்டு இருக்கிற ஊரு. இந்தக் கேள்விய பாத்த உடனே எங்க அப்பாயி (அப்பாவோட அம்மா) ஞாபகம்தான் வந்துச்சு, ஏன்னா எங்க வீட்ல பாம்பு, பல்லி, நண்டு, ஆந்தைன்னு எது வந்தாலும் அதுக்கு ஒரு சேதி வச்சிருக்கும் அது. அதுல கொஞ்சம் நிஜம், நிறைய கதை, ஆனா கதைன்னு நான் இப்ப சொல்றதுகூட யாரோ வயல்ல நின்னு ஒண்ண கண்ணால பாத்துட்டு சொன்னதுதான்.

முதல்ல நண்டு. அப்பாயி சொல்லும், "நண்டுக்கு பேறுகாலம் வந்தா அதோட சாவுடா தம்பி, குஞ்சுங்க தாய் வயித்த கிழிச்சுகிட்டுதான் வெளிய வரும்"னு. எங்க பக்கம் இதை நம்பாதவங்க கிடையாது. எனக்கு பத்து பதினோரு வயசு இருக்கும், நடவுக்கு முன்னாடி சித்தப்பா அண்டை வெட்டி வரப்புக்கு சேறு பூசிகிட்டு இருந்தாரு, நண்டு வளை இருந்தா ராத்திரியோட ராத்திரியா கட்டுன தண்ணி பூரா கீழ் வயலுக்கு போயிரும்ல, அதுக்காக ஒவ்வொரு வளையா கைய விட்டு நண்ட எடுத்து சட்டியில போடறது என் வேலை. அப்ப ஒரு பெட்டை நண்டு கிடைச்சுச்சு, கனமா இருந்துச்சு, சித்தப்பா வாங்கி திருப்பி அடியில இருக்கிற மடிப்ப கட்டவிரலால லேசா நெம்புனாரு பாருங்க, உள்ள உளுந்து சைசுக்கு குஞ்சு நண்டு, அப்பிகிட்டு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் கொடுக்கு, காலு, கண்ணு எல்லாம் இருக்கு, பெரிய நண்ட அப்படியே சுருக்குன மாதிரி. ரெண்டு மூணு என் உள்ளங்கையில விழுந்து பக்கவாட்டுல நடந்துச்சு, பொறந்து ஒரு நாள் ரெண்டு நாள்கூட ஆகியிருக்காது, அதுக்குள்ள நண்டு நடை! சித்தப்பா மடிப்ப மூடி அதை வாய்க்கால்லயே விட்டுட்டாரு, குஞ்சு சுமக்கிறத சட்டியில போடக்கூடாதுன்னாரு, அவ்வளவுதான் சொன்னாரு.

பெரியவனானப்பறம்தான் விஷயம் தெரிஞ்சுது. கடல் நண்டோட முட்டை பொரிச்சா நண்டு வராது, கண்ணுக்கு தெரியாத அளவுல வேற உருவத்துல ஒரு புழு மாதிரி வந்து தண்ணியில மிதந்து, பல தடவ சட்டை உரிச்சு, கடைசியாதான் நண்டாகும். நம்ம வயல் நண்டு அப்படி இல்ல, நன்னீர் நண்டுங்கறதால முட்டைக்குள்ளயே அந்தக் கட்டமெல்லாம் முடிஞ்சு நேரா நண்டாவே பொரிக்குது, பொரிச்ச குஞ்ச தாய் அந்த மடிப்புக்குள்ளயே கொஞ்ச நாள் வச்சு சுமக்குது. மடிப்பு அகலமா இருந்தா பெட்டை, ஒடுக்கமா இருந்தா ஆண், இது எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குகூட தெரியும். ஆக வயிறு கிழியறது கிடையாது, மடிப்பு தொறக்குது, குஞ்சு எறங்கிப் போகுது. ஆனா மடிப்பு விரிஞ்சு குஞ்சு கொட்டறத ஒருத்தர் பாத்திருந்தா, அப்பறம் வரப்புல கிடக்கிற வெறும் ஓட்டையும் பாத்திருந்தா (நண்டு சட்டை உரிச்சுப் போட்டதா இருக்கும், இல்ல கொக்கு தின்னுட்டுப் போட்ட மிச்சமா இருக்கும்), ரெண்டையும் சேத்து தாய் செத்துருச்சுன்னுதான் நினைப்பாரு. அப்பாயியோட கூடப்பொறந்த அக்கா ஒருத்தங்க தலைப் பிரசவத்துல போயிட்டாங்க. அதனாலயோ என்னவோ நண்டு கதைய சொல்லும்போது மட்டும் அது குரல் எறங்கிரும்.

அடுத்தது சாரை. "சாரை ஆம்பள, நல்லபாம்பு பொம்பள, ரெண்டும் பிணையும்போது பாத்தா வேட்டிய மேல போத்தி விட்டு அப்பறம் அந்த வேட்டிய பெட்டியில வச்சா வீட்ல பணம் தங்கும்"னு எங்க ஊர்ல சொல்லுவாங்க, உங்க ஊர்லயும் சொல்லுவாங்கன்னு நினைக்கிறேன். சாரை வேற இனம், நல்லபாம்பு வேற இனம், ரெண்டுலயும் ஆணும் உண்டு பொண்ணும் உண்டு, ரெண்டும் சேராது, சொல்லப்போனா நல்லபாம்பு சாரைய புடிச்சு முழுங்கவும் செய்யும். அப்ப பின்னிப் பின்னி ஆடுறது என்னன்னு கேட்டா, பெரும்பாலும் அது ரெண்டு ஆண் சாரை போடற சண்டை. கடிக்காது, விஷமும் கிடையாது, முன்னுடம்ப தரையிலேர்ந்து தூக்கி ஒண்ண ஒண்ணு முறுக்கி எதிராளி தலைய தரைக்கு அமுக்கப் பாக்கும், தோத்தது எறங்கி ஓடிரும். நான் ஒரு தடவ தாளடி அறுப்புக்கு முன்னாடி மூங்கில் கொல்லை ஓரமா நேர்ல பாத்தேன், ரொம்ப நேரம் ஆடுச்சு, ஒண்ணு மஞ்சளா ஒண்ணு கொஞ்சம் கருப்பா, ஆள் நிக்கிறதையே ரெண்டும் கண்டுக்கல. பக்கத்துல நின்ன பெரியவர் துண்ட எடுத்து கையில வச்சுகிட்டு கிட்ட போக தயங்கிட்டே இருந்தாரு, கடைசில போத்தல.

சாரை மாட்டுக் கால பின்னி மடியில பால் குடிக்கும்னும் சொல்லுவாங்க. அதுக்கு உறிஞ்சறதுக்கு உதடே இல்ல, பல்லு பூரா உள்பக்கமா சாஞ்ச ஊசி, அதை மடியில வச்சா மாடு சும்மா நிக்குமா? தொழுவத்துக்கு அது வர்றது வைக்கோலுக்குள்ள இருக்கிற எலிக்காக. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா இந்த ஒரு கதையால எங்க தெருவுல மட்டும் எத்தனை சாரைய அடிச்சுக் கொன்னிருப்பாங்கன்னு கணக்கே இல்ல, ஒவ்வொரு சாரையும் வருஷம் பூரா திங்கற எலி நம்ம நெல்லுல கை வைக்கிற எலி. அதே மாதிரி பாம்பு ஆள அடையாளம் வச்சு பழி வாங்கும்ங்கறதும் கதைதான். ஆனா கட்டுவிரியன் ராத்திரியில வந்து கடிக்கும், கடிச்சதே தெரியாதுன்னு சொல்றது நிஜம், ரொம்ப நிஜம், எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது, அதனால தரையில படுக்கறவங்க கொசுவலைய பாய்க்கு அடியில சொருகிட்டு படுங்க. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் சேத்து ஒரே மருந்துதான் ஆஸ்பத்திரியில போடுவாங்க, பாம்ப தேடிகிட்டு நிக்காம, இறுக்கிக் கட்டாம, கீறாம, மந்திரிக்கப் போகாம நேரா வண்டிய எடுங்க.

கீரி பாம்புகிட்ட கடி வாங்கிட்டு ஓடிப்போய் ஒரு பச்சிலைய தின்னுட்டு திரும்பி வந்து சண்டை போடும்னு அப்பாயி சத்தியம் பண்ணும். பச்சிலை கிடையாது. நல்லபாம்பு விஷம் நம்ம உடம்புல நரம்பும் தசையும் சேர்ற எடத்துல போய் பூட்டு போட்ட மாதிரி ஒட்டிக்கும், கீரிக்கு அந்த எடமே கொஞ்சம் வேற மாதிரி அமைஞ்சிருக்கு, விஷம் சரியா ஒட்டாது. அதுக்காக ஒண்ணுமே ஆகாதுன்னு இல்ல, தாங்கும், அவ்வளவுதான், மீதி எல்லாம் அதோட வேகம்.

ஆந்தைக்கு வருவோம். கூகைய எங்க பக்கம் சாவுக்குருவின்னே சொல்லுவாங்க, ஒரு தடவ கத்துனா சாவு, ரெண்டு தடவ கத்துனா நினைச்ச காரியம் நடக்கும்னு எண்ணிகிட்டு வேற உக்காந்திருப்பாங்க. சம்பா நெல்லு பொதி கட்டற (கதிர் வெளிய வர்றதுக்கு முன்னாடி தண்டு பருக்கற) நேரத்துல எலி வெட்டு வெட்டும் பாத்திருக்கீங்களா, ஓரத்த விட்டுட்டு நடு வயலுக்குள்ள போய் தூரோட சாய்ச்சுப் போட்டிருக்கும், வரப்புல நின்னு பாத்தா தெரியாது, மறுநாள் காலைல மஞ்சள் திட்டா தெரியும்போது வயிறு எரியும். அதுக்கு தஞ்சாவூர் கிட்டிங்கற மூங்கில் எலிப்பொறி வைக்கிறவங்கள கூப்பிடுவோம், சாயங்காலம் வரிசையா வச்சுட்டு விடிகாலைல எடுப்பாங்க. கூடவே சித்தப்பா தென்னை மட்டைய தலைகீழா நட்டு வைப்பாரு, ஆந்தை வந்து உக்கார. அந்த மட்டைக்கு கீழ காலைல போனா சாம்பல் நிறத்துல உருண்டையா ஒண்ணு கிடக்கும், ஒடைச்சுப் பாத்தா எலியோட மயிரு, தாடை எலும்பு, பல்லு. ஆந்தை எலிய முழுசா முழுங்கிட்டு செரிக்காதத உருண்டையா கக்கிரும். கூகைக்கு ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இருக்காது, ஒண்ணு மேல ஒண்ணு கீழ, சத்தம் ரெண்டு காதுக்கும் வந்து சேர்ற வித்தியாசத்த வச்சே கும்மிருட்டுல எலி எங்க இருக்குன்னு புடிச்சிரும், றெக்கை ஓரம் சீப்பு மாதிரி இருக்கறதால பறக்கிற சத்தமும் எலிக்கு கேக்காது. சாவுக்குருவின்னு பேரு வச்சது ஒரு விதத்துல சரிதான், சாவு எலிக்கு.

ஓணான் விஷயத்துல எனக்கு மனசு உறுத்தல் உண்டு. ராமர் தண்ணி கேட்டப்ப அணில் எளநி குடுத்துச்சு, ஓணான் மூத்திரத்த குடுத்துச்சு, அதனால ஓணான கண்டா அடிக்கணும்னு எங்களுக்கு யாரோ சொல்லி வச்சாங்க, நாங்களும் தென்னை ஈர்க்குல சுருக்கு போட்டு வேலில உக்காந்திருக்கிறத கழுத்தோட இழுப்போம். தலை செவசெவன்னு ஆனா நம்ம ரத்தத்த உறிஞ்சிருச்சுன்னு வேற பயம். அந்த செவப்பு ஆண் ஓணான் இனப்பெருக்க காலத்துல காட்டற நிறம், பொண்ண கூப்பிடவும் எதிராளிய வெரட்டவும். அது தின்னது பெரும்பாலும் பூச்சி புழு. அணில் முதுகுல ராமர் போட்ட மூணு கோடுன்னு சொல்றோமே, வட இந்தியா பக்கம் இருக்கிற அணிலுக்கு அஞ்சு கோடு, முதல் தடவ வேலை விஷயமா டெல்லி போனப்ப பார்க்ல எண்ணிப் பாத்து அப்படியே நின்னுட்டேன்.

அரணை நக்குனா மரணம்ங்கறது சுத்தமா பொய், அதுக்கு விஷமே இல்ல. வெயிலடிக்கும்போதே மழை பெஞ்சா காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்னு கத்திகிட்டு ஓடுவோம், ஜப்பான்லயும் இதே மழைக்கு நரி கல்யாணம்னுதான் பேராம், இது எப்படி ரெண்டு ஊருக்கும் ஒத்துப் போச்சுன்னு யோசிச்சா எனக்கு இன்னிக்கும் புல்லரிக்கும்.

கடைசியா அப்பாயி சொன்னதுல என்னைய ரொம்ப அசர வச்சது, "தும்பி பறந்தா தூரத்துல மழை." புரட்டாசி கடைசி, ஐப்பசியில வயலுக்கு மேலயும் களத்துமேட்டுலயும் மஞ்சளா ஒரு தட்டான் கூட்டம் கூட்டமா சுத்தும், உக்காரவே உக்காராது. வாலுல நூல கட்டி கல்லு தூக்க வச்சு வெளையாடிருக்கோம், அந்த வயசுல அதுக்கு வலிக்கும்னு தோணல. அதுக்கு குளோப் ஸ்கிம்மர்னு பேரு. மாலத்தீவுல இருந்த சார்லஸ் ஆண்டர்சன்னு ஒரு உயிரியலாளர், வருஷா வருஷம் அக்டோபர்ல அங்க தட்டான் வந்து எறங்கறத கவனிச்சிருக்காரு, அங்க முட்டை போட ஆறு குளமே இல்லையே, எங்கேர்ந்து வருதுன்னு தேடிப் போய் 2009-ல எழுதினாரு: இதெல்லாம் நம்ம தென்னிந்தியாவுலேர்ந்து வடகிழக்குப் பருவக்காத்துல ஏறி, 1000 மீட்டருக்கு மேல பறந்து, இந்தியப் பெருங்கடல தாண்டி ஆப்பிரிக்கா போகுது, மழை எங்க பெய்யுதோ அங்க தேங்குன தண்ணியில முட்டை போட்டு, அடுத்தடுத்த தலைமுறை திரும்ப வருதுன்னு. போக வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர்னு அவர் கணக்கு. விரல் நீளம்கூட இல்லாத பூச்சி! அது மழைய தேடியே பறக்குது, அப்ப அப்பாயி சொன்ன "தூரத்துல மழை" எவ்வளவு தூரம்னு பாருங்க, அப்பாயி நாகப்பட்டினம் தாண்டிகூட போனதில்ல.

ஒண்ணு கேக்கணும். ஆறுகாட்டுத்துறை, கோடியக்கரை பக்கம் கடல் தொழிலுக்கு போறவங்க யாராவது இதை படிச்சா சொல்லுங்க, ஐப்பசி கார்த்திகையில கரை கண்ணுக்கு மறைஞ்ச அப்பறமும் போட்டுக்கு மேல தும்பி கூட்டமா போறத பாத்திருக்கீங்களா? எந்தப் பக்கமா போச்சு?